மூத்திரப்பை மேல் விழுந்த பழி

அறுபதைத் தாண்டிய ஆண்கள் நாலு பேர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு பென்ஷனில் ஆரம்பிக்கும், சர்க்கரை பக்கம் திரும்பும், கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?" இரண்டு என்று சொல்பவர் பாக்கியசாலி. நாலு, ஐந்து என்பவருக்கு மற்ற மூவரும் அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ப்ராஸ்டேட். அது இல்லையென்றால் சர்க்கரை. அதுவும் இல்லையென்றால், "வயசாச்சு இல்லையா சார்!"

இந்தப் பட்டியலில் தொண்டையைச் சேர்ப்பவர் ஒருவரும் இல்லை. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் கோளாறை ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். குறட்டைக்காரர்களில் பலருக்கு இது உண்டு. இந்தக் கோளாறு ராத்திரியில் சிறுநீரை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. 1980-களின் கடைசியிலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர மருத்துவத்துக்கு ரொம்ப நாள் பிடித்தது. வேண்டிய துண்டுகள் எல்லாம் தனித்தனி மேஜைகளில் கிடந்தன, சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. 34 வருஷம் குடிநீர் பம்ப் ஹவுஸ்களில் குப்பை கொட்டியவன். அழுத்தம், உறிஞ்சல், வால்வு என்று எங்கே கேட்டாலும் காது அந்தப் பக்கம் போய்விடும்.

கதையை எல்லோரும் தொடங்குவது சார்லஸ் டிக்கன்ஸிடம். 1836, 37-இல் மாதாமாதம் வெளிவந்த அவருடைய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்று ஒரு பையன் வருவான். குண்டுப் பையன். வேலைக்காரன். நின்றுகொண்டே தூங்குவான், வண்டியில் தூங்குவான், கதவைத் தட்டிவிட்டு அது திறப்பதற்குள் தூங்குவான், குறட்டையும் விடுவான். டிக்கன்ஸ் சிரிப்புக்காகத்தான் அவனைப் படைத்தார். ஆனால் கண்ணால் பார்க்காததை அவ்வளவு துல்லியமாக எழுத முடியாது என்பது என் எண்ணம்.

அந்தப் பையன் மருத்துவப் பத்திரிகைக்குள் நிரந்தரமாக நுழைந்தது 1956-இல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி பர்வெல் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 51 வயது, கம்பெனி அதிகாரி, கனத்த உடம்பு. வாரம் ஒருமுறை சீட்டாடுவார். ஒரு நாள் போக்கர் ஆட்டத்தில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா கையில் விழுந்திருக்கிறது. சீட்டாடுபவர்களுக்கு அதன் அருமை தெரியும். மனிதர் சீட்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிப் போனார்! சில நாளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பர்வெல் இந்த நிலைக்கு 'பிக்விக் நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். காரணம் என்று அவர் சொன்னது, பருமனால் மூச்சு ஆழமில்லாமல் போய் ரத்தத்தில் கரியமில வாயு சேர்கிறது, அதனால் மயக்கம் என்று. பகலில் நடப்பதற்குக் காரணத்தைப் பகலிலேயே தேடினார்கள். அந்த மனிதர் ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்று உட்கார்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது வேறொரு மேஜைக்குப் போகவேண்டும். விமானப்படை மேஜை.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் விமானங்கள் மேலே மேலே பறக்கத் தொடங்கியபோது, விமானிக்கு ஆக்ஸிஜன் கொடுத்தால் மட்டும் போதாது, அதை அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் தள்ளவேண்டும் என்ற தேவை வந்தது. அப்படித் தள்ளினால் உடம்பில் என்ன ஆகும் என்று ஆராய்ந்தவர்களில் ஜேம்ஸ் ஹென்றி ஒருவர். மேலே போகும் விமானிகளுக்கான அழுத்த உடையை வடிவமைத்தவர், குரங்குகளை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிய ஆராய்ச்சியிலும் இருந்தவர். 1947-இல் இவரும் ட்ரூரி, குட்மேன் என்ற இருவரும் ஒரு விஷயத்தை அச்சில் போட்டார்கள். அழுத்தத்தோடு மூச்சுவிட வைத்தால் சிறுநீர் குறைகிறது!

1954-இல் ஹென்றியும் ஜெர்மானியரான ஓட்டோ கவுரும் மற்றவர்களும் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். எதிர் அழுத்தத்தில், அதாவது உறிஞ்சி இழுக்கும் நிலையில், மூச்சுவிட வைத்தார்கள். சிறுநீர் பெருகியது. ஏன்? நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் குறைந்தால் உடம்பின் மற்ற பாகங்களிலிருந்து ரத்தம் நெஞ்சுக்குள் இழுக்கப்படுகிறது. இதயத்தின் மேலறைகள் உப்புகின்றன. உடம்பு அதைப் பார்த்து, "தண்ணீர் அதிகமாகிவிட்டது, வெளியேற்று" என்று முடிவுகட்டுகிறது. உண்மையில் தண்ணீர் கூடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. 1956-இல் இவர்கள் மயக்கம் கொடுத்த நாய்களின் இதய மேலறைக்குள் ஒரு சின்ன பலூனை வைத்து ஊதிப் பார்த்தார்கள். அறை விரிந்ததும் சிறுநீர் கூடியது.

இதை அறிய நாய்கூட வேண்டாம். ஆற்றிலோ கிணற்றிலோ கழுத்தளவுத் தண்ணீரில் அரைமணி நேரம் நின்று குளித்தவர்களுக்கு, கரையேறும் முன்பே ஒதுங்கத் தோன்றியிருக்கும். குளிர்ச்சி என்று சொல்லிக்கொள்வோம். குளிர்ச்சியும் உண்டு, ஆனால் தண்ணீரின் அழுத்தம் காலிலும் வயிற்றிலும் உள்ள ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளுவதுதான் பெரிய காரணம். மேட்டூர் அணையில் நீர்மட்டம் ஏறினால் மதகைத் திறப்பதைப்போல.

அதே 1956-இல் மூன்றாவதாக ஒரு மேஜையிலும் ஒரு துண்டு விழுந்தது. புரூனோ கிஷ் என்பவர் கினிப்பன்றியின் இதய மேலறைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே சின்னச் சின்ன மணிகள் இருப்பதைக் கண்டார். கீழறைத் தசையில் அவை இல்லை. 1964-இல் ஜேமீசனும் பாலடேயும் அந்த மணிகளை விரிவாக வர்ணித்தார்கள். ஹார்மோன் சுரக்கும் சுரப்பிகளில் இருக்கும் மணிகளைப் போலவே இருந்தன. ரத்தத்தை இறைக்கும் பம்புக்குச் சுரப்பி வேலை எதற்கு?

ஆக ஒரே வருஷத்தில் தூக்கக்காரர் ஒரு பக்கம், பலூன் ஒரு பக்கம், மணிகள் ஒரு பக்கம். மூன்று பேரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க எந்த அவசியமும் இல்லை. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. எங்கள் துறையிலேயே பம்ப் பிரிவில் நடப்பது பைப் பிரிவுக்குத் தெரியாது, நடுவில் ஒரு சுவர்தான்.

தூங்குகிறவர்களை ராத்திரி முழுக்கக் கருவி மாட்டிப் பார்த்தது 1965-இல். பிரான்சின் மார்செய் நகரில் காஸ்தோவின் குழுவும், ஜெர்மனியில் யுங், கூலோ என்ற இருவரும் தனித்தனியாக இதைச் செய்தார்கள். பிக்விக் நோயாளிகளுக்குத் தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நிற்பதைக் கண்டார்கள். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் போராடுகின்றன, ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. தொண்டை மூடிக்கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் மூளை திடுக்கிட்டு அரைவிழிப்புக்கு வரும், தொண்டை திறக்கும், பெரிய குறட்டையோடு காற்று பாயும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. பத்து வினாடியாவது மூச்சு நின்றால் அதை ஒரு தடவை என்று கணக்கில் எடுக்கிறார்கள். மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ நடந்தால் கடுமையான நோய். அப்படிப்பட்டவர் ஒரு ராத்திரியில் 200 தடவைக்கு மேல் எழுப்பப்படுகிறார், அது அவருக்கே தெரியாது. அந்த அதிகாரி சீட்டைப் பிடித்தபடி தூங்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

பம்ப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொண்டை விவகாரத்தைச் சுலபமாகச் சொல்லலாம். கிணற்றிலிருந்து தண்ணீர் இழுக்கும் உறிஞ்சு குழாய் கெட்டியாக இருக்கவேண்டும். மெல்லிய ரப்பர் ஹோஸைப் போட்டு, அடியில் ஃபுட் வால்வும் அடைத்துக்கொண்டால் ஹோஸ் சப்பென்று ஒட்டிக்கொள்ளும். மோட்டார் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுக ஒட்டும். தொண்டை அந்த மெல்லிய ஹோஸ்தான். தூக்கத்தில் தசை தளர்ந்து ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சு கீழே இருந்து மோட்டார் மாதிரி இழுக்கிறது. சாதாரணமாக மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் உறிஞ்சல் சில சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். தொண்டை அடைத்த நிலையில் அது 50 சென்டிமீட்டரையும் தாண்டிப் போகும்.

இந்த இடத்தில் 1954-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கவுரும் ஹென்றியும் கருவி வைத்துச் செய்த எதிர் அழுத்த மூச்சை, அப்னியாக்காரர் தினம் ராத்திரி கட்டிலிலேயே செய்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு அடைப்பிலும் ரத்தம் நெஞ்சுக்குள் பாய்கிறது. ஆக்ஸிஜன் குறைவதால் நுரையீரல் ரத்தக்குழாய்களும் சுருங்கி இதயத்தின் வலப்பக்கத்துக்குச் சுமை ஏற்றுகின்றன. மேலறை உப்புகிறது. ஆனால் 1965-இலும் இதைச் சிறுநீரோடு யாரும் கோக்கவில்லை.

என் அப்பாவை இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். கட்டையான கழுத்து, பெரிய உடம்பு. திண்ணையில் படுத்தால் குறட்டை தெருமுனை பிள்ளையார் கோயில் வரை கேட்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள். நடுவில் குறட்டை சட்டென்று நின்றுபோகும். அம்மா விசிறியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். அடுத்த குறட்டை வந்ததும்தான் விசிறி அசையும். பகலில் ரேடியோ செய்தி முடிவதற்குள் தலை தொங்கிவிடும். ராத்திரி நாலைந்து தடவை டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவார். கக்கூஸ் கொல்லையின் கடைசியில், கிணற்றைத் தாண்டி. 1974 ஐப்பசி மழையில் அப்படிப் போனவர் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. அதன்பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை, மாசி மாதம் போய்விட்டார். எங்கள் வீட்டில் இன்றுவரை அந்தச் சாவுக்குக் காரணம் பாசி.

அவருக்கு இருந்தது ஸ்லீப் அப்னியாதான் என்று நான் சாதிக்கமாட்டேன். சோதனையே செய்யாத ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்து வியாதிப் பெயர் சூட்டுவது சரியில்லை. தெரிந்திருந்தாலும் 1974-இல் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. எடையைக் குறைக்கச் சொல்வார்கள். கடுமையாக இருந்தால் கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குழாயில் நேராகக் குழாய் வைப்பார்கள். ஜெர்மனியில் கூலோவின் குழு 1969-இல் அதைச் செய்து எழுதியிருந்தது. பகலில் அடைத்துவைத்து, ராத்திரி திறந்துகொள்ள வேண்டும். பலன் இருந்தது. ஆனால் யார் இஷ்டப்பட்டுச் செய்துகொள்வார்கள்?

1981-இல் இரண்டு துண்டுகள் ஒரே வருஷத்தில் வந்து விழுந்தன. மறுபடியும் வேறு வேறு மேஜையில்.

முதலாவது கனடாவில். கிங்ஸ்டன் நகரத்தில் அடோல்ஃபோ டி போல்ட் என்ற அர்ஜென்டினாக்காரர், அந்த இதய மணிகளின் பின்னால் பல வருஷம் அலைந்தவர். எலியின் இதய மேலறையை அரைத்துச் சாறு எடுத்து இன்னொரு எலியின் ரத்தத்தில் செலுத்தினார். சிறுநீர் பத்து மடங்கானது. அதில் போகும் உப்பு முப்பது மடங்குக்கு மேல் ஏறியது. மணிகளுக்குள் இருந்தது ஒரு ஹார்மோன். இன்று அதை ஏஎன்பி என்கிறார்கள். இதயம் வெறும் பம்ப் இல்லை, சுரப்பியும்கூட என்று ஆனது. மேலறை உப்பினால் சிறுநீர் பெருகுவது நரம்பு வழிச் செய்தியால் என்று ஹென்றியும் கவுரும் நினைத்திருந்தார்கள். அது பாதிக் கதை. மீதிப் பாதி இந்த ஹார்மோன்.

இரண்டாவது ஆஸ்திரேலியாவின் சிட்னியில். காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கு வழியாகக் கொஞ்சம் அழுத்தத்தோடு காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் தொண்டை ஒட்டாமல் திறந்தே இருக்கும் என்று 1980-இல் ஒரு நோயாளியிடம் செய்து பார்த்தார். வாக்வம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்டு ஊதவைத்ததுதான் ஆரம்பகால இயந்திரம். முகமூடியை ராத்திரிக்கு ராத்திரி பசை போட்டு ஒட்டவேண்டியிருந்தது. ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 1981 ஏப்ரலில் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் தண்ணீர். பத்து சென்டிமீட்டர் என்றால் நாலு அங்குலம். எங்கள் பம்ப் ஹவுஸில் அதை அழுத்தம் என்றே யாரும் சொல்லமாட்டார்கள்! இன்று வீடுகளில் 'சி-பாப்' என்ற பெயரில் இருப்பது இதுதான்.

1947-இல் ட்ரூரியும் ஹென்றியும் விமானிகளுக்காகச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதானே? அழுத்தத்தோடு மூச்சு, சிறுநீர் குறைவு. 34 வருஷம் கழித்து அதே காற்று வேறு வாசல் வழியாக வந்தது.

இனி கோக்கவேண்டியதுதான் பாக்கி. பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்து ழான் கிரீகேர் 1988-இல் அதைச் செய்தார். அப்னியா நோயாளிகளின் ராத்திரிச் சிறுநீரை அளந்தார். சிகிச்சை இல்லாத ராத்திரியில் சிறுநீரும் உப்பும் அதிகம். சி-பாப் மாட்டிய ராத்திரியில் இரண்டும் இறங்கின. மறுவருஷம் சல்லிவனும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், தூக்கத்தின்போது ஏஎன்பி அதிகமாகச் சுரப்பதும் இயந்திரம் மாட்டினால் அது குறைவதும் வந்தன. வீங்கிய ப்ராஸ்டேட் சிறுநீர் போகும் பாதையைத்தான் அடைக்கும், உற்பத்தியைக் கூட்டாது. இங்கே உற்பத்தியே கூடியிருக்கிறது. மூத்திரப்பை பாவம், வந்ததைப் பிடித்துவைக்கிற தொட்டி.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு வந்த ஒரு ஆராய்ச்சி. 1996-இல் அமெரிக்காவில் மார்க் பிரஸ்மன் குழுவினர், தூக்கச் சோதனைக்கு வந்தவர்கள் ராத்திரி எழுந்து கழிப்பறைக்குப் போனபோதெல்லாம், "எதனால் விழித்தீர்கள்?" என்று கேட்டார்கள். சிறுநீர் முட்டியது என்பதே பெரும்பாலும் பதில். கருவியில் பதிவானதை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஐந்தில் நான்கு விழிப்புகளுக்கு முன்னால் மூச்சு அடைப்போ, குறட்டையோ, கால் உதறலோ இருந்தது. அதைச் சரியாகச் சொன்னவர்கள் மிகச் சிலர். ஆக இரண்டு வேலை நடக்கிறது. தொண்டை ஆளை எழுப்புகிறது, இதயம் சிறுநீரைக் கூட்டுகிறது. விழித்தவருக்குத் தெரிவது நிறைந்த பை மட்டும். பழி அதன் மேல் விழாமல் வேறு எங்கே விழும்?

குழந்தைகளிடமும் இது உண்டு. 1985-இல் வைடர், ஹௌரி என்ற இருவர், மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்தும் டான்சில் வீங்கியும் மூச்சுவிடத் திணறிய குழந்தைகளில் சிலருக்கு, அதை அறுவை செய்து எடுத்ததும் படுக்கையில் சிறுநீர் கழிப்பது நின்றதை எழுதினார்கள். அதற்காக எத்தனை குழந்தைகள் அடி வாங்கியிருக்கும்!

எல்லா ராத்திரி எழுச்சிக்கும் தொண்டைதான் காரணம் என்று கிளம்பிவிடக்கூடாது. ப்ராஸ்டேட் உண்டு, சர்க்கரை உண்டு, இதய பலவீனம் உண்டு, பகல் முழுக்க உட்கார்ந்து காலில் கோத்த நீர் படுத்ததும் மேலே ஏறுவது உண்டு, சாயந்திரம் போடும் நீர் மாத்திரையும் உண்டு. பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருப்பதை என் தங்கை கணவர் விஷயத்தில்தான் பார்த்தேன்.

மாப்பிள்ளைக்கு 68 வயது. ப்ராஸ்டேட் அறுவை நல்லபடியாக முடிந்தது, பகலில் தாரையாகப் போகிறது, ஆனாலும் ராத்திரி ஐந்து தடவை. சிறுநீரக மருத்துவர் ஒரு அளவுக் குவளை வாங்கி மூன்று நாள் எழுதிவரச் சொன்னார். எழுதினால் ராத்திரி ஒவ்வொரு தடவையும் 300, 350 மில்லி! 24 மணி நேரச் சிறுநீரில் பாதிக்கு மேல் ராத்திரியில். 65-ஐத் தாண்டியவர்களுக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் ராத்திரி உற்பத்தி அதிகம் என்று 2002-இல் வகுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. தொட்டி சின்னதாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக வரும். இங்கே தொட்டி சரி, வரத்துதான் அதிகம்.

மருத்துவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "குறட்டை உண்டா சார்?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை, "அதெல்லாம் இல்லை டாக்டர்" என்று ஆரம்பிப்பதற்குள் தங்கை, "நான் ஹாலில் படுக்கிறது எதுக்குன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாளாம்.

தூக்கச் சோதனையில் மணிக்கு 41 தடவை அடைப்பு. இயந்திரம் வாங்கினார்கள். முதல் வாரம் யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கிறது என்று இரண்டு ராத்திரி கழற்றிப் போட்டார். மூக்குக்குப் பொருந்துகிற வேறு மாஸ்க் மாற்றிய பிறகு பழகிவிட்டது. இப்போது ராத்திரிக்கு ஒரு தடவை, சில நாள் அதுவும் இல்லை. கல்யாணம் காட்சிக்கு வெளியூர் போனால் அந்தப் பெட்டியை யார் கையிலும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். அளவுக் குவளை தங்கை கைக்குப் போய்விட்டது. ரோஜாச் செடிக்கு உரம் கரைக்கிறாள்.